இடம் கிடக்கு, போர்ட் இல்லை: மதர்போர்டில ரெண்டாவது டிஸ்பிளேபோர்ட்

மாங்குளம் சந்தி
தை 9, இரவு 8.10

பழைய ஒபிஸ் கணினி. நாலாம் தலைமுறை ஐ5, கியூ87 சிப்செட். பின்பக்கம் ஒரு விஜிஏ, ஒரு டிஸ்பிளேபோர்ட். ரெண்டுக்கும் நடுவில தகரத்தில இன்னொரு போர்ட்டுக்கு அச்சு வெட்டிக் கிடக்கு, ஆனா உடைச்செடுக்கேல்ல. மூடியைக் கழட்டினா போர்டில 20 பாட் (ஈயம் பிடிக்கிற செம்புத் திட்டு) வெறுமையாக் கிடக்குது. அதைச் சுத்தி கடுகு மாதிரி வெறும் பாட் கனக்க. விஜிஏயில எழுத்துக் கலங்குது, அதால ரெண்டாவது மொனிட்டருக்கும் டிஜிட்டல் வேணும். செத்த கிராபிக்ஸ் கார்ட் ஒண்டு கையில இருக்கு. அதில இருக்கிற கனெக்டரைக் கழட்டி இதில வைச்சா வேலை செய்யுமா?

குளத்தடி
தை 9, இரவு 9.35

கனெக்டரை மட்டும் வைச்சா வேலை செய்யாது. கனெக்டர் கடைசியா வைக்கிற சாமான். சோல்டர் அயனைத் தொடாமல் முதல் மல்ரிமீற்றரை எடுங்கோ.

கறண்டைப் புடுங்கி, பற்றரியையும் கழட்டிப்போட்டு, மீற்றரை டயோட்டில விடுங்கோ. சிபியு சொக்கெட்டிலயே இருக்கட்டும். சிவப்பு முனை எர்த்தில, கறுப்பு முனை பாட்டில. முதல் வேலை செய்யிற டிஸ்பிளேபோர்ட்டை, அங்க நிக்கிற கெப்பாசிட்டர்களின்ர சிபியு பக்கத்தில வைச்சு, அளந்து எழுதுங்கோ. பிறகு வெறும் இடத்தில அதே பின்களை அளவுங்கோ. ஆனா கனெக்டர் பாட்டில இல்லை. ஒவ்வொரு லேனிலயும் (படத் தரவு போற வயர்ச் சோடி) கனெக்டருக்கு முன்னால ஒரு கெப்பாசிட்டர் இடம் வெறுமையா இருக்கும். அதில சிபியு பக்கத்துப் பாட்டில வைச்சு அளக்க வேணும். கனெக்டர் பக்கத்தில அளந்தா எல்லாம் திறந்த சேர்க்கிட் எண்டுதான் காட்டும், "லேன் வரேல்ல" எண்டு பிழையா முடிவெடுப்பியள்.

பின் வரிசை: 1, 3 லேன் பூச்சியம். 4, 6 லேன் ஒண்டு. 7, 9 லேன் ரெண்டு. 10, 12 லேன் மூண்டு. 2, 5, 8, 11, 16 எர்த். 13, 14 கொன்ஃபிக் (மாற்றி கொழுவியிருக்கோ எண்டு காட்டுற கால்). 15, 17 ஓக்ஸ் (கணினியும் மொனிட்டரும் பேசிக்கொள்ளுற வழி). 18 ஹொட்பிளக் (மொனிட்டர் கொழுவியிருக்குதெண்டு சொல்லுற கால்). 19 பவரின்ர திரும்பல். 20 இல 3.3 வோல்ற்.

இணையத்தில பாக்கேக்க கவனம். மொனிட்டர் பக்கத்து அட்டவணையில லேன் வரிசை தலைகீழாப் போகும், 1ம் பின் லேன் மூண்டாக இருக்கும். கணினிப் பக்கத்து அட்டவணையைத்தான் பாவிக்க வேணும்.

ஈயம்63
தை 9, இரவு 10.02

இவ்வளவு கஷ்டப்படத் தேவையில்லை. கெப்பாசிட்டர் இடங்களில ஒரு மயிர் வயரைப் போட்டு இணைச்சு விடுங்கோ. 0402 எண்ட கடுகு அளவில பத்து வேணும் எண்டு இங்க கடையில கேட்டா எங்களை மேலும் கீழும் பாப்பினம்.

குளத்தடி
தை 9, இரவு 10.20

வயர் போடக் கூடாது. சிபியு பக்கத்து டிசி மட்டமும் மொனிட்டர் பக்கத்து டிசி மட்டமும் ஒண்டில்லை. அதைப் பிரிச்சு வைக்கத்தான் அந்தக் கெப்பாசிட்டர். நேர இணைச்சா மொனிட்டர் பக்கத்தில என்ன பிழை வந்தாலும் அது நேர சிபியு காலுக்குப் போகும். அந்தக் கால் செத்தா மாத்த வேண்டியது சிபியு.

டிஸ்பிளேபோர்ட்டுக்கு 75 இல இருந்து 265 நானோபரட்டுக்குள்ள இருக்க வேணும். எல்லாரும் போடுறது 0.1 மைக்ரோபரட். செத்த கிராபிக்ஸ் கார்ட்டிலயே அதே டிஸ்பிளேபோர்ட்டுக்குப் பின்னால வரிசையா நிக்கும், அதைக் கழட்டுங்கோ. போதாட்டி அதே கார்ட்டின்ர தங்க விரலுக்கு (சொக்கெட்டில செருகிற தங்கப் பட்டிகள்) மேல வரிசையா நிக்கிறதும் சரிவரும். அது 0.1 அல்லது 0.22, ரெண்டும் அளவுக்குள்ளதான். ஆனா பவர் பக்கத்தில கிடக்கிற ஏதோ ஒரு மண்ணிறக் கடுகைக் கழட்டிப் போடாதேங்கோ. மேல எழுத்து இல்லாத சாமான், கழட்டின இடம்தான் அதுக்கு அடையாளம்.

எண்ணிக்கை: லேனுக்கு 8, ஓக்ஸுக்கு 2. பத்து.

மாங்குளம் சந்தி
தை 11, மாலை 5.40

அளந்தாச்சு. வேலை செய்யிற போர்ட்டில லேன் எட்டும் 0.36 க்கும் 0.38 க்கும் இடையில. வெறும் இடத்தில சிபியு பக்கம் எட்டும் அதே கணக்கு. ஓக்ஸ் ரெண்டும் வேற அளவு, ஆனா ரெண்டு போர்ட்டிலயும் ஒத்துப்போகுது. ஹொட்பிளக் மட்டும் திறந்து கிடக்கு.

குளத்தடி
தை 11, இரவு 7.15

அப்ப ட்ரேஸ் (போர்டில ஓடுற செம்புக் கோடு) வருது. லேன் எட்டும் சிபியுவில இருந்து வருது, ஓக்ஸும் ஹொட்பிளக்கும் சிப்செட்டில இருந்து. இந்தத் தலைமுறையில அப்பிடித்தான் பிரிச்சு வைச்சிருக்கினம். அதாலதான் ஓக்ஸ் அளவு வித்தியாசம். ஹொட்பிளக் திறந்து கிடக்கிறது நடுவில ஒரு சாமான் இல்லாததால. இப்ப அதை விடுங்கோ.

இனி, பக்கத்தில வேலை செய்யிற போர்ட்தான் உங்கட சேர்க்கிட் படம். அங்க இருக்கிற ஒவ்வொரு சாமானுக்கும் இங்க ஒரு வெறும் இடம் கிடக்கும். ஃபோனால ரெண்டையும் கிட்டப் படமெடுத்துப் பக்கத்துப் பக்கத்தில வைச்சு எண்ணுங்கோ. பொதுவா இருக்கிறது இவ்வளவுதான்:

கெப்பாசிட்டர் பத்து. ஓக்ஸ் பிளஸ்ஸில இருந்து எர்த்துக்கு 100 கிலோ ஓம், ஓக்ஸ் மைனஸில இருந்து 3.3 வோல்ற்றுக்கு இன்னொரு 100 கிலோ ஓம். இந்த ரெண்டையும் கனபேர் விட்டுடுவினம். கணினி இருக்குதெண்டு மொனிட்டர் அறியிறது அந்த மட்டத்தை வைச்சுத்தான். சில மொனிட்டர் இல்லாட்டியும் எழும்பும், சிலது "கேபிள் இல்லை" எண்டு படுத்திடும். கொன்ஃபிக் 13 இல இருந்து எர்த்துக்கு 1 மெகா ஓம். ஹொட்பிளக்குக்கு 100 கிலோ ஓம் எர்த்துக்கு, ஒரு மொஸ்பெட்டும் (ஸ்விட்ச் மாதிரி வேலை செய்யிற சாமான்) இருக்கலாம். 20ம் பின்னுக்கு ஒரு பொலிபியூஸ் (ஆறினாத் தானாத் திரும்பச் சேருற பியூஸ்).

பத்துக் கால் கறுப்புச் சாமான் ரெண்டு மூண்டு இருக்கும், அது நிலைமின் பாய்ச்சலுக்குக் காப்பு. ட்ரேஸ் அதுக்குக் கீழால நேர போறதால அதை விட்டாலும் படம் வரும். ஆனா நாலு பாட் உள்ள இடம் லேனுக்கு நடுவில குறுக்க நிண்டா அது சோக் (இரைச்சல் வடிகட்டுற சுருள்). அதை வெறுமையா விட்டா லேன் அறுந்தமாதிரி. சோக்கைப் போடுங்கோ, இல்லாட்டி பூச்சிய ஓம் ரெசிஸ்டர் ரெண்டு.

பரந்தன் பக்கம்
தை 11, இரவு 8.50

இடையில ஒரு கதை. உவருக்கு கியூ87, தப்பிட்டார். எச்81 சிப்செட் போர்டில உதே வேலையைச் செய்யிற ஆக்கள் முதல் யோசிக்க வேணும். எச்81 ஒரே நேரத்தில ரெண்டு திரைதான் காட்டும். எச்110 உம் அப்பிடித்தான். மூண்டாவது போர்ட்டை எவ்வளவு வடிவா வைச்சாலும் மூண்டாவது திரை எழும்பாது. பி85, கியூ87 எண்டா மூண்டு.

குளத்தடி
தை 12, காலை 6.30

உண்மை, முதலே சொல்லியிருக்க வேணும்.

இப்ப முக்கியமான ரெசிஸ்டர். போர்ட் ஒண்டு இருக்குதோ இல்லையோ எண்டு சிப்செட் தானாத் தேடிப் பாக்காது. இந்த போர்ட்டின்ர டிடிசி (எச்டிஎம்ஐ, விஜிஏயில மொனிட்டரின்ர விபரம் வாசிக்கிற வழி) டேற்றா காலை, பவர் வரேக்க ஒருக்காப் பாக்கும். அது 2.2 கிலோ ஓம்மால 3.3 வோல்ற்றுக்கு இழுபட்டிருந்தா "இருக்கு". சும்மா விட்டிருந்தா உள்ளுக்குள்ள இருக்கிற மெல்லிய இழுவை அதை எர்த்துக்குக் கொண்டுபோகும், "இல்லை". பி, சி, டி எண்டு மூண்டு போர்ட், மூண்டுக்கும் தனித்தனிக் கால்.

அந்த 2.2 கிலோ ஓம் கனெக்டருக்குப் பக்கத்தில நிக்கும் எண்டு தேடாதேங்கோ. அனேகமா சிப்செட்டுக்குப் பக்கத்தில, ஹீற்சிங்கின்ர ஓரத்தில சோடியாக் கிடக்கும், ஒண்டு குளொக்குக்கு, மற்றது டேற்றாவுக்கு. வேலை செய்யிற போர்ட்டின்ர சோடி பூட்டியிருக்கும். வெறுஞ்சோடி அதுக்குப் பக்கத்திலதான். ஒரு பக்கம் ரெண்டு பாட்டும் ஒண்டா 3.3 க்குப் போகும், மற்றப் பக்கம் சிப்செட்டுக்குப் போகும். 2.2 போட்டாப் போதும், போர்ட் தெரியும்.

சரிபாக்க லினக்ஸ் பென்டிரைவ் ஒண்டு போதும். இன்டெல் ஜிபியு டூல்ஸ் பொதியில ரெஜிஸ்டர் வாசிக்கிற கட்டளை இருக்கு. எஸ்ஃபியூஸ் ஸ்ட்ராப் எண்ட ரெஜிஸ்டரை வாசியுங்கோ, கடைசி இலக்கத்தைப் பாருங்கோ. பி இருந்தா 4, சி இருந்தா 2, டி இருந்தா 1. கூட்டிப் பாத்தா எது எது இருக்குதெண்டு தெரியும். ஒண்டையும் பூட்ட முதல் ஒருக்கா வாசிச்சு எழுதி வையுங்கோ.

மாங்குளம் சந்தி
தை 12, இரவு 9.00

இப்ப 4.

ஈயம்63
தை 14, காலை 10.25

கெப்பாசிட்டர் விசயத்தில நான் சொன்னது பிழை. கழட்டுறதில சொல்லுறதுக்கு இருக்கு.

கார்ட்டில இருந்து கனெக்டரைக் கழட்டேக்க மேலால ஹொட் எயார் பிடிச்சா உள்ளுக்கிருக்கிற கறுப்பு பிளாஸ்ரிக் நாக்கு வளையும். வளைஞ்ச நாக்கை வெளியால பாத்துக் கண்டுபிடிக்கேலாது, கேபிள் குத்தேக்கதான் தெரியும். கார்ட்டைக் கவிழ்த்துப் பிடிச்சு அடியால 380 பாகையில ஊதுங்கோ. கனெக்டர் தன்ர பாரத்தில கீழ இறங்கும், இழுக்கக் கூடாது. மேல பக்கத்தை அலுமினியத் தாளால சுத்தி விடுங்கோ. தொழிற்சாலையில பத்தவைச்சது ஈயமில்லாத கலவை, 217 பாகையிலதான் உருகத் தொடங்கும். அதுக்கு மேல 63/37 ஈயத்தை (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்) கொஞ்சம் ஊட்டி விட்டா உருகிற வெப்பம் இறங்கி வரும்.

போர்டில கனெக்டரின்ர உலோகக் கூட்டின்ர நாலு காலுக்குமான ஓட்டைதான் பெரிய தலையிடி. நாலும் எர்த் தட்டில இருக்கு. அயனின்ர சூட்டை அந்தத் தட்டு உறிஞ்சிப்போடும், ஓட்டைக்குள்ள இருக்கிற ஈயம் பாதி உருகிப் பாதி நிக்கும். மெல்லிய முனையால அரை மணித்தியாலம் நிண்டாலும் சரிவராது. அகலமான சரிவு முனை, அடியால 100 பாகைக்கு மேல சூடு, பிறகு உறிஞ்சி. ஓட்டையைக் கம்பியால குத்தித் திறக்காதேங்கோ, உள் சுவர்ச் செம்பு கழண்டு வரும்.

20 பாட்டும் அரை மில்லிமீற்றர் இடைவெளி. முதல் கூட்டின்ர ரெண்டு காலைப் பிடிச்சு, கண்ணாடியால 20 உம் நேர நிக்குதோ எண்டு பாத்து, பிறகு ப்ளக்ஸ் (ஈயம் ஓடிப் பிடிக்கப் பூசுற பிசின்) தாராளமா. பொங்கல் பானை மாதிரிப் பொங்கினாலும் பரவாயில்லை. ஒரு சொட்டு ஈயத்தை முனையில எடுத்து 1 இல இருந்து 20 வரைக்கும் ஒரே இழுவை. ஒட்டுப்பட்ட இடத்துக்குச் செம்பு வலை. முடிஞ்சாப் பிறகு ஐசோப்ரொப்பைல் அல்ககோலும் பழைய பல் பிரஷ்சும். ப்ளக்ஸ் பிசினை அப்பிடியே விட்டா இந்தத் தூசி முழுக்க அதில ஒட்டிக்கொள்ளும். மாரியில ஈரமும் சேர்ந்தா 100 கிலோ ஓம்முக்குப் பக்கத்தில இன்னொரு ரெசிஸ்டர் முளைச்ச மாதிரி.

மாங்குளம் சந்தி
தை 17, இரவு 10.40

எல்லாம் பூட்டியாச்சு. ரெஜிஸ்டர் இப்ப 6. சந்தோசப்பட்டு மொனிட்டரைக் கொழுவினா ஒண்டுமில்லை. லினக்ஸில பழைய டிஸ்பிளேபோர்ட்டும் விஜிஏயும்தான் தெரியுது. புதுசின்ர பேரே பட்டியலில இல்லை.

குளத்தடி
தை 17, இரவு 11.15

என்ர பிழை. 12ம் திகதி "2.2 போட்டாப் போதும்" எண்டு எழுதினது அரைவாசிதான் சரி. 4 ஆறானதால சிப்செட்டுக்கு சி போர்ட் தெரியுது. ட்ரைவர் அதுக்கு மேல பயோஸ் தாற ஒரு அட்டவணையையும் கேக்கும், அதுதான் வீபிடி. எந்தப் போர்ட் பூட்டியிருக்கு, அது டிஸ்பிளேபோர்ட்டோ எச்டிஎம்ஐயோ, எந்த ஓக்ஸ், எந்த டிடிசி எண்டெல்லாம் அதில எழுதியிருக்கும். உங்கட மொடலுக்கு சி இல்லை எண்டு அதில கிடக்கு.

டீபக்கைப் போட்டு கேர்னல் பதிவைப் பாருங்கோ. இந்தப் போர்ட் ஒண்டுக்கும் உதவாது எண்டு வீபிடி சொல்லுது, அதை மதிக்கிறன் எண்ட கருத்தில ஒரு வரி இருக்க வேணும்.

மாங்குளம் சந்தி
தை 17, இரவு 11.30

அந்த வரி கிடக்கு. நல்ல மரியாதையான ட்ரைவர்.

குளத்தடி
தை 18, மாலை 6.10

பயோஸில கை வைக்க முதல் பரீட்சிச்சுப் பாக்க வழி இருக்கு. லினக்ஸின்ர இன்டெல் ட்ரைவருக்கு வீபிடி ஃபேர்ம்வேர் எண்டு ஒரு பராமீற்றர் உண்டு. பயோஸ் தாற அட்டவணையை விட்டுட்டு நீங்கள் குடுக்கிற கோப்பை எடுக்கும். பிழைச்சா அடுத்த முறை அந்தப் பராமீற்றர் இல்லாமல் எழுப்பினாச் சரி, ஒண்டும் கெடாது.

முதல் இப்ப இருக்கிற வீபிடியை டீபக் கோப்புறையில இருந்து பிரதி எடுத்து, டிகோட் கட்டளையால வாசியுங்கோ. ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு பதிவு இருக்கும். கடைசியில வெறும் பூச்சியமா ஒண்டு ரெண்டு இடமும் கிடக்கலாம். கிடந்தா அதில பி யின்ர பதிவை அப்பிடியே பிரதிபண்ணி நாலு இடத்தை மாத்துங்கோ. எல்லாம் பதினறும எண்.

கைபிடி எண்: பி யில 04 எண்டா சி க்கு 40. ரெண்டும் ஒண்டா இருக்கக் கூடாது.
போர்ட் எண்: டிஸ்பிளேபோர்ட் பி க்கு 7, சி க்கு 8, டி க்கு 9.
ஓக்ஸ்: பி 10, சி 20, டி 30.
டிடிசி பின்: சி 4, பி 5, டி 6. இதில வரிசை மாறிக் கிடக்கு, பிழையாத் தட்டினன் எண்டு நினைச்சுத் திருத்திப்போடாதேங்கோ.

மாங்குளம் சந்தி
தை 19, இரவு 9.20

பட்டியலில வந்திட்டுது. ஆனா "இணைக்கப்படவில்லை" எண்டு நிக்குது. மொனிட்டர் எழும்பித்தான் இருக்கு. 18ம் பின்னில 3.3 வோல்ற் வருது.

குளத்தடி
தை 19, இரவு 9.45

மொனிட்டர் தன்ர வேலையைச் செய்யுது. அந்த 3.3 சிப்செட்டுக்குப் போய்ச் சேரேல்ல. 11ம் திகதி ஹொட்பிளக் திறந்து கிடந்தது நினைவிருக்கோ? மூண்டு கால் சாமான் ஒண்டு வெறுமையா இருக்க வேணும். பழைய போர்ட்டில அதே இடத்தில என்ன நிக்குதெண்டு பாருங்கோ. சில போர்டில மொஸ்பெட், சிலதில வெறும் ரெசிஸ்டர். மொஸ்பெட் எண்டா 2என்7002 வகை, எந்தச் செத்த போர்டிலயும் கிடக்கும். ஆனா அதே வடிவத்தில ரான்சிஸ்டரும் டயோட்டும் வரும். கழட்டினதை மீற்றரில பாத்துப்போட்டு வையுங்கோ.

மாங்குளம் சந்தி
தை 21, இரவு 8.05

படம் வந்திட்டுது. 1920க்கு 1080, 60 ஹேர்ட்ஸ். எழுத்துக் கண்ணாடி மாதிரி.

ஒரு சந்தேகம். பள்ளிக்கூட ப்ரொஜெக்டருக்குப் பாவிக்கிற டிஸ்பிளேபோர்ட்–விஜிஏ மாற்றியைப் புதுப் போர்ட்டில கொழுவினா வேலை செய்யேல்ல. பழைய போர்ட்டில வேலை செய்யுது.

பரந்தன் பக்கம்
தை 21, இரவு 8.30

20ம் பின்னை அளவுங்கோ. மொனிட்டருக்குச் சொந்தக் கறண்ட் இருக்கு, அது 20ம் பின்னைத் தேடாது. மாற்றிக்குள்ள இருக்கிற சிப் அந்த 3.3 வோல்ற்றிலதான் சீவிக்குது.

மாங்குளம் சந்தி
தை 21, இரவு 8.50

பூச்சியம். பொலிபியூஸ் பூட்டேல்ல. கார்ட்டில அது கிடைக்கேல்ல எண்டு விட்டது. வெறும் வயர் போடலாமா?

பரந்தன் பக்கம்
தை 21, இரவு 9.00

போடாதேங்கோ. மலிவான கேபிள் சிலதில 20ம் பின்னையும் ரெண்டு பக்கமும் இணைச்சு வைச்சிருப்பாங்கள். அது பிழையான கேபிள், மொனிட்டரின்ர 3.3 வோல்ற் உங்கட போர்டுக்குள்ள வரும். கணினியை நிப்பாட்டினாலும் எல்ஈடி மங்கலா எரியும், சிலவேளை திரும்ப எழும்பவும் மாட்டுது. பியூஸ் அதைத் தடுக்காது, ஆனா அந்தப் பக்கம் சோட் அடிச்சா போர்டின்ர ட்ரேஸ் எரியாமல் காப்பாத்தும். அரை அம்பியருக்குக் குறையாத பொலிபியூஸ் ஒண்டு போடுங்கோ. செத்த மதர்போர்டில யூஎஸ்பி போர்ட்டுக்குப் பின்னால பச்சைச் சாமானா நிக்கும்.

குளத்தடி
தை 23, மாலை 5.00

படம் வந்தது எண்டு மூடியைப் பூட்டாதேங்கோ. இந்தத் திரைக்கு லேன் நாலும் தேவையில்லை. 1080க்கு செக்கனுக்கு ஏறக்குறைய 3.6 கிகாபிட் காணும், ரெண்டு லேன் பழைய வேகத்திலயே 4.3 கொண்டுபோகும். லேன் மூண்டு, அதுதான் 10, 12ம் பின், செத்துக் கிடந்தாலும் ட்ரைவர் ரெண்டு லேனுக்கு இறங்கிச் சத்தமில்லாமல் படத்தைக் காட்டும். கேர்னல் பதிவில லேன் எண்ணிக்கை இருக்கும், பாருங்கோ.

4கே மொனிட்டர் ஒண்டைத் தேடி இரவல் வாங்கத் தேவையில்லை. பஸிவ் எச்டிஎம்ஐ மாற்றி, அதுதான் உள்ளுக்கு சிப் இல்லாத மலிவானது, நாலு லேனையும் கேக்கும். லேன் மூண்டு அதில குளொக். அது செத்தா படமே வராது. மற்றது செத்தா நிறம் குழம்பும், இல்லாட்டி படம் வராது. ஆனா இதுக்கு 13ம் பின்னும், ஓக்ஸை டிடிசிக்கு மாத்துற மொஸ்பெட்டுகளும் பூட்டியிருக்க வேணும்.

மாங்குளம் சந்தி
தை 25, இரவு 9.30

பதிவில லேன் ரெண்டு. பஸிவ் மாற்றியில படம் இல்லை. மொஸ்பெட் நாலும் பூட்டித்தான் கிடக்கு.

கண்ணாடியை வைச்சு ஒவ்வொண்டாப் பாத்தா, 12ம் பின்னுக்குப் போற கெப்பாசிட்டர் ஒரு காலில எழும்பி நிக்குது. மற்றக் கால் பாட்டைத் தொடேல்ல. மேலால பாத்தா படுத்திருக்கிற மாதிரித்தான், சரிச்சுப் பிடிச்சாத்தான் வெளிச்சம் தெரியுது.

ஈயம்63
தை 25, இரவு 9.50

ஒரு பாட்டில ஈயம் முதல் உருகினா அது சாமானைத் தன்ர பக்கம் இழுத்து நிமித்திப்போடும். எர்த்துக்குக் கிட்ட இருக்கிற பாட் பிந்தித்தான் சூடேறும், அதாலதான். ப்ளக்ஸ் வைச்சு ரெண்டு பாட்டையும் ஒண்டா ஊதுங்கோ, தானாப் படுக்கும். அயனால அமத்தினா வெடிக்கும்.

மாங்குளம் சந்தி
தை 26, காலை 7.15

லேன் நாலு. எச்டிஎம்ஐயும் வருது.

வவுனியா வடக்கு
மாசி 2, பகல் 1.20

எனக்குத் தேவை விஜிஏ. ஆறாம் தலைமுறை மதர்போர்ட், 15 ஓட்டை வெறுமையாக் கிடக்கு. பள்ளிக்கூடத்துப் பழைய ப்ரொஜெக்டருக்கு. விஜிஏ அனலொக் தானே, இது லேசா இருக்குமோ?

பரந்தன் பக்கம்
மாசி 2, பகல் 2.00

லேசு. சிவப்பு, பச்சை, நீலம் மூண்டுக்கும் எர்த்துக்கு 150 ஓம், பிறகு சின்ன பீட், ரெண்டு சிங்குக்கும் (படத்தை ஒழுங்கா நிப்பாட்டுற சிக்னல்) 5 வோல்ற் பஃபர். 9ம் பின்னுக்கு பியூஸ் போட்டு 5 வோல்ற், 12 உம் 15 உம் டிடிசி. 13 கிடைச் சிங்க், 14 நிலைச் சிங்க்.

குளத்தடி
மாசி 2, இரவு 7.40

பரந்தன் சொன்னது நாலாம் தலைமுறைக்குச் சரி. ஆறில இருந்து இன்டெல் சிப்செட்டில விஜிஏயே இல்லை. போர்டில விஜிஏ கண்டா டிஸ்பிளேபோர்ட்டை விஜிஏயா மாத்துற ஒரு சிப் நடுவில நிக்குது எண்டுதான் அர்த்தம். ரியல்ரெக் 2166 மாதிரி. உங்கட போர்டில 15 ஓட்டைக்குப் பின்னால நடுவில எர்த் பாட்டோட சதுரமா வெறும் இடம் ஒண்டு கிடக்கும். அந்தச் சிப்பும் அதின்ர சுத்துச் சாமானும் வேணும். அது முடிஞ்சாலும் வீபிடி வேலை அப்பிடியே இருக்கு.

ப்ரொஜெக்டருக்கு மட்டும் எண்டா மாற்றி ஒண்டை வாங்கிக் கொழுவுங்கோ. அதுக்குள்ளயும் அதே வகைச் சிப்தான். கொழும்பில ஒருத்தரிட்டச் சொல்லி பஸ்ஸில போட்டு விட்டா அடுத்தநாள் கையில.

பரந்தன் பக்கம்
மாசி 2, இரவு 7.55

ஓம், தலைமுறையை வாசிக்கேல்ல நான்.

மாங்குளம் சந்தி
மாசி 6, இரவு 9.10

லினக்ஸில எல்லாம் சரி. விண்டோஸில புதுப் போர்ட் இல்லை. பயோஸ் திரையும் அதில வரேல்ல.

குளத்தடி
மாசி 6, இரவு 10.30

வராது. ரெண்டும் பயோஸுக்குள்ள இருக்கிற வீபிடியைத்தான் பாக்குது. விண்டோஸில கோப்புக் குடுக்கிற வழியும் இல்லை. பயோஸை மாத்தத்தான் வேணும், இதிலதான் போர்டைக் கொல்லுறவை கனபேர்.

8 கால் சிப்பைத் தேடுங்கோ, 25கியூ64 எண்டா 8 மெகாபைற். சில போர்டில ரெண்டு சிப் இருக்கும், ரெண்டையும் வாசிக்க வேணும். கறுப்பு நிற சிஎச்341ஏ ப்ரோகிராமர் கனக்க ஓடித் திரியுது. அதில பவர் 3.3 தான், ஆனா டேற்றா வயர்களில 5 வோல்ற் வாற வகை அது. மீற்றரால அளக்காமல் கிளிப்பைப் போடாதேங்கோ. மதர்போர்டின்ர பவரும் பற்றரியும் கழட்டியிருக்க வேணும். மூண்டுதரம் வாசிச்சு மூண்டு கோப்பும் ஒண்டா எண்டு ஒப்பிடுங்கோ. ஒண்டு மாறினாலும் கிளிப் தொடுகை சரியில்லை. அந்த முதல் பிரதியை ரெண்டு இடத்தில வையுங்கோ. உங்கட நெற்வேர்க் முகவரியும் அதுக்குள்ளதான் கிடக்கு, அதால இன்னொருத்தரின்ர பிரதியை எழுதாதேங்கோ.

வீபிடி அனேகமாச் சுருக்கின பகுதிக்குள்ள கிடக்கும், நேரத் தேடினாக் கிடைக்காது. யூஈஎப்ஐ டூலால விரிச்சு, பதிவை மாத்தி, திரும்பச் சுருக்கி, செக்சம்மையும் (சரிபாக்கிற கூட்டுத்தொகை) திருத்த வேணும். பெரிய பிராண்டுகள் சிலதில பயோஸ் தன்னைத்தானே சரிபாக்கும், மாத்தினது தெரிஞ்சா எழும்பாது, இல்லாட்டி பழையதைத் திரும்ப எழுதிப்போடும். உங்கட பிராண்ட் அப்பிடியெண்டா லினக்ஸோட நில்லுங்கோ. பயோஸுக்கு விஜிஏ வயர் ஒண்டு மூலையில கிடக்கட்டும்.

வேலை நேரத்தில கறண்ட் போகாமல் யூபிஎஸ்ஸில கொழுவுங்கோ. எழுதேக்க பாதியில நிண்டா திரும்ப எழுதலாம், பிரதி கையில இருந்தால்.

மாங்குளம் சந்தி
மாசி 7, காலை 6.50

லினக்ஸோடயே நிக்கிறன். பயோஸைத் தொடேல்ல.

தகரத்தில அந்த அச்சை உடைக்க வழி சொல்லுங்கோ. போர்ட் உள்ள பூட்டியாச்சு, வெளியால ஓட்டை இல்லை. கேபிள் இப்ப மூடிக்குள்ளால போகுது.

ஈயம்63
மாசி 7, காலை 7.30

முன்னமே உடைச்சிருக்க வேணும். போர்டைக் கழட்டி வெளியால எடுங்கோ, உள்ளுக்கு வைச்சுத் தட்டக் கூடாது. அச்சைப் பிடிச்சிருக்கிற ரெண்டு மூலையையும் மெல்லிய அரத்தால ராவி, குறட்டால முன்னும் பின்னும் ஆட்டினா வரும். ராவின தூள் முழுக்க இரும்பு. ஒரு காந்தத்தைப் பொலித்தீனுக்குள்ள வைச்சுத் தடவி எடுத்துப்போட்டு போர்டைப் பூட்டுங்கோ.

மாங்குளம் சந்தி
மாசி 8, இரவு 8.00

பூட்டியாச்சு. ரெண்டு மொனிட்டரும் எழும்பியிருக்கு. எல்ஈடி நிப்பாட்டினாப் பிறகு எரியேல்ல, கேபிள் நல்லது போல.